வைரத்தின் பெயரை வாங்கிக்கொண்ட சிறுத்தை
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பழைய ஆங்கில நகைச்சுவைப் படங்களைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ‘பிங்க் பாந்தர்’ என்ற பெயரை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வாளையாற்றுக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: நான் பாலக்காட்டில் கல்லூரியில் படித்த காலத்தில் பகல் காட்சியாக ஒரு ‘பிங்க் பாந்தர்’ படம் பார்த்தேன். போகிற இடமெல்லாம் தடுக்கி விழுகிற ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் அதில் வருவார். என் பேரனோ கைபேசியில் இளஞ்சிவப்பு நிறச் சிறுத்தை ஒன்றைக் காட்டி, ‘இதுதான் தாத்தா பிங்க் பாந்தர்’ என்கிறான். எங்களில் யார் சொல்வது சரி?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தாத்தாவும் பேரனும் சமாதானமாகப் போய்விடலாம், ஏனென்றால் இருவர் சொல்வதும் சரியில்லை. அந்தப் பெயர் முதலில் இன்ஸ்பெக்டருக்கும் உரியதன்று, சிறுத்தைக்கும் உரியதன்று. அது ஒரு வைரத்தின் பெயர்.

பிளேக் எட்வர்ட்ஸ் 1963இல் இயக்கிய முதல் படத்தின் கதையை அவரும் மாரிஸ் ரிச்லினும் சேர்ந்து எழுதினார்கள். லூகாஷ் என்னும் கற்பனை நாட்டின் இளவரசியிடம் விலைமதிப்பற்ற வைரம் ஒன்று இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் ஒரு குறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பாய்கின்ற சிறுத்தையொன்றின் உருவம் இளஞ்சிவப்பாகத் தெரியுமாம். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களை எண்ணி வைத்து, அவை இருக்கும் கல்லைத் தள்ளிவிடச் சொன்னவர்கள் நம் முன்னோர். இந்தக் கதையிலோ குற்றமே கல்லுக்குப் பெயராகவும் பெருமையாகவும் ஆகிவிட்டது.

அந்த வைரத்தைத் திருட வருகிறவர் சர் சார்லஸ் லிட்டன் என்ற ஆங்கிலேயக் கனவான். இரவில் ‘ஃபேன்டம்’ என்ற பெயரில் திருடுவதும் பகலில் பனிச்சறுக்கு விடுதிகளில் சீமாட்டிகளோடு விருந்துண்பதும் அவருடைய வாழ்க்கை. அந்தப் பாத்திரத்தில் நடித்த டேவிட் நிவனின் பெயர்தான் நடிகர் பட்டியலில் முதலாவதாக வருகிறது. படமும் அவரை மையமாக வைத்துத்தான் திட்டமிடப்பட்டது. திருடனைப் பிடிக்க வரும் பிரெஞ்சு போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜாக் க்ளூசோ, கதையின் கணக்கில், ஏமாறுவதற்காகவே வைக்கப்பட்ட ஒரு துணைப் பாத்திரம். அவருடைய மனைவியே திருடனுக்குக் கூட்டாளி என்பதும், கடைசியில் நீதிமன்றத்தில் நகை இவருடைய சட்டைப்பையிலிருந்தே வெளியே வந்து, திருடன் என்று இவரே சிறைக்குப் போகிறார் என்பதும் அந்தக் கணக்கின்படி நடப்பவைதாம். ஆனால் படம் பார்த்தவர்களுக்குத் திருடனின் சாமர்த்தியம் நினைவில் நிற்கவில்லை. சுழலும் பூகோள உருண்டையின் மேல் கம்பீரமாகக் கையை ஊன்றப் போய்த் தரையில் விழுந்த மனிதர்தான் நினைவில் நின்றார். மாப்பிள்ளைத் தோழனாக வந்தவன் மணமேடையைப் பிடித்துக்கொண்ட கதை இது.

சிறுத்தை பிறந்ததும் அதே படத்தில்தான், ஆனால் கதைக்குள்ளே அன்று, தொடக்கத்தில் வரும் பெயர்ப்பட்டியலில். வெள்ளைத் திரையில் நடிகர்களின் பெயர்களை வெறுமனே எழுதிக் காட்டுவதற்குப் பதிலாக, வைரத்துக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் சிறுத்தையையே கேலிச்சித்திரமாக்கி அந்த எழுத்துகளோடு விளையாட விடலாம் என்று எட்வர்ட்ஸ் எண்ணினார். அந்த வேலை ஃபிரிஸ் ஃபிரெலெங்கும் டேவிட் டிபாட்டியும் நடத்திய சிறிய நிறுவனத்துக்குப் போனது. ஃபிரெலெங் அதற்கு முன் வார்னர் நிறுவனத்தின் கேலிச்சித்திரப் பிரிவில் பல ஆண்டுகள் படங்களை இயக்கியவர். அந்தப் பிரிவு மூடப்பட்டபோது, 1963இல், இருவரும் சேர்ந்து இந்தத் தனி நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள். வரைந்து பார்த்த பல சிறுத்தைகளில் ஹாலி பிராட் வடிவமைத்தது தேர்வாயிற்று: நீண்டு மெலிந்த உடல், பாதி மூடிய கண்கள், எதற்கும் அவசரப்படாத நடை.

நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் முதலில் வந்து, ராஜா வருகிறார் என்று அறிவித்து, நாலு வேடிக்கை செய்து, திரையை விலக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்வான் அல்லவா? சிறுத்தைக்குக் கொடுக்கப்பட்ட வேலை அவ்வளவுதான். இந்தக் கட்டியங்காரனோ ராஜாவை விட்டுவிட்டுத் தனிக்கூத்தே கட்டிவிட்டான். பெயர்ப்பட்டியலுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் தனிக் குறும்படங்களைக் கேட்க, முதல் குறும்படம் 1964 டிசம்பரில் வெளியானது. ஒரு குள்ள மனிதர் வீட்டுக்கு நீல வண்ணம் அடிக்க, அவர் முதுகுக்குப் பின்னாலேயே சிறுத்தை அதை இளஞ்சிவப்பாக மாற்றிக்கொண்டே வருகிறது, கதை அவ்வளவே. அதற்குச் சிறந்த கேலிச்சித்திரக் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. ஒரு பெயர்ப்பட்டியல் அலங்காரம், தாய்ப்படத்துக்குக் கிடைக்காத ஆஸ்கரைத் தான் வாங்கிக்கொண்டது.

நீங்கள் சிறுத்தையைப் பார்த்ததாக நினைவில்லாததற்குக் காரணம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரும் பேருந்து தாமதமாகி, பெயர்ப்பட்டியல் முடிந்தபின் நீங்கள் கொட்டகைக்குள் நுழைந்ததாகவும் இருக்கலாம்.

கேள்வி: க்ளூசோ பாத்திரம் பீட்டர் செல்லர்ஸுக்காகவே எழுதப்பட்டதா? அந்த மீசையும் மழைக்கோட்டும் யாருடைய யோசனை?
— வாசகி, வேலந்தாவளம்

பதில்: இல்லை. அந்த வேடத்துக்கு ஒப்பந்தமானவர் பீட்டர் உஸ்டினோவ். படப்பிடிப்பு நெருங்கிய வேளையில் அவர் விலகிக்கொண்டார். இன்ஸ்பெக்டரின் மனைவியாக நடிக்கவிருந்த ஏவா கார்ட்னரும் படத்தில் இல்லாமற்போக, அந்த இடத்துக்கு கபுசின் வந்தார். அவசரத்தில் கிடைத்தவர்தான் செல்லர்ஸ். விலகிப் போன உஸ்டினோவ் துப்பறிவாளராகாமலே இருந்துவிடவில்லை. 1978இல் அகதா கிறிஸ்டியின் ஹெர்க்யூல் புவாரோவாக நடித்தார், அதுவும் பெயர்பெற்றது. மீசை வைத்த துப்பறிவாளர் ஒருவர் அவருக்கு எழுதப்பட்டிருந்தார் போலும், ஆனால் மூளையுள்ளவராக.

மீசைக்கு ஒரு கதை உண்டு. இங்கிலீஷ் கால்வாயை 1875இல் முதன்முதலாக நீந்திக் கடந்த கேப்டன் மேத்யூ வெப்பின் படம் இங்கிலாந்தில் ஒரு தீப்பெட்டியின் மேல் நெடுங்காலம் அச்சாகி வந்தது. நிமிர்ந்த மார்பும் முறுக்கு மீசையுமாக இருக்கும் அந்தப் படத்திலிருந்துதான் க்ளூசோவின் தோற்றம் தமக்குக் கிடைத்தது என்பது செல்லர்ஸ் சொன்ன விவரம். சிவகாசித் தீப்பெட்டி அட்டைகளைச் சிறுவயதில் சேர்த்து வைத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அந்தச் சின்னப் படங்களில் சிங்கமானாலும் சிப்பாயானாலும் எல்லாரும் அளவுக்கு மீறிய கம்பீரத்தோடுதான் நிற்பார்கள். செல்லர்ஸ் எடுத்துக்கொண்டது மீசையைக் காட்டிலும் அந்தக் கம்பீரத்தைத்தான் என்பது என் எண்ணம். தடுக்கி விழுகிற நடிகர்கள் ஊமைப்பட காலத்திலிருந்தே எத்தனையோ பேர் இருந்தார்கள். க்ளூசோ வேறுபடுவது விழுந்த பிறகுதான். அவர் எழுந்து, மழைக்கோட்டை உதறி, தாம் திட்டமிட்டே விழுந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறார். தாம் உலகத்தின் தலைசிறந்த துப்பறிவாளர் என்பதில் அவருக்கு ஒரு கணமும் சந்தேகம் வருவதில்லை. நமக்குச் சிரிப்பு வருவது விழுந்ததற்காக என்பதைவிட, அந்த நம்பிக்கை கொஞ்சமும் கலையாமல் இருப்பதற்காகத்தான்.

அவருடைய பேச்சும் அப்படியே. முதல் படத்தில் ஓரளவுக்கே இருந்த அந்த விசித்திர உச்சரிப்பை, இரண்டாவது படத்திலிருந்து செல்லர்ஸ் வளர்த்துக்கொண்டே போனார். படத்தில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள். எல்லாரும் நமக்காக ஆங்கிலம் பேசுகிறார்கள். ஆனால் க்ளூசோ சொல்வது மட்டும் மற்றப் பிரெஞ்சுக்காரர்களுக்கே புரிவதில்லை. ‘மங்க்கி’ என்பதை அவர் ‘மிங்க்கி’ என்பார். எதிரில் இருப்பவர் விழித்தால், குறை கேட்டவர் காதில்தான். எங்கள் பக்கத்தில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பொள்ளாச்சியில் பேருந்து ஏறி ஒருவர் ‘கொழிஞ்சாம்பாறை’ என்று ழகரம் பிசகாமல் சீட்டுக் கேட்டார். நடத்துநர் அவரை ஏற இறங்கப் பார்த்து, “கொளிஞ்சாம்பாறைன்னு சொல்லுங்க சார்” என்று திருத்தினார். திருத்தப்பட்டவர்தான் வெட்கப்பட்டு உட்கார்ந்தார். அந்த நடத்துநரின் முகத்தில் இருந்த உறுதியை நான் பிறகு க்ளூசோவின் முகத்தில் மட்டுமே கண்டிருக்கிறேன்.

கேள்வி: இரண்டாவது படத்தில் வைரமும் இல்லை, சிறுத்தையும் இல்லை. அப்படியானால் அது இந்த வரிசையில் எப்படிச் சேரும்?
— நூலக உதவியாளர், செங்கோட்டை

பதில்: நல்ல கேள்வி. அந்தப் படம் முதலில் க்ளூசோவின் கதையாகவே இல்லை. மார்செல் அஷார் எழுதிய பிரெஞ்சு நாடகம் ஒன்றை ஹாரி கர்னிட்ஸ் ஆங்கில மேடைக்கு மாற்றினார். 1961இல் நியூயார்க்கில் அது மேடையேறியது. ஒரு பணக்காரர் வீட்டில் கொலை நடக்கிறது, பழி வேலைக்காரப் பெண்ணின் மேல் விழுகிறது, அவள் குற்றமற்றவள் என்று விசாரிப்பவர் நம்புகிறார் என்பது அதன் சட்டகம். அதைப் படமாக்கும் ஏற்பாட்டில் செல்லர்ஸ் ஒப்பந்தமாகியிருந்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை. பிளேக் எட்வர்ட்ஸ் அழைக்கப்பட்டார். அவர் வில்லியம் பீட்டர் பிளாட்டியோடு சேர்ந்து கதையைத் திருத்தியபோது, விசாரிப்பவரின் இடத்தில் க்ளூசோவைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். இந்த பிளாட்டிதான் பின்னாளில் ‘எக்ஸார்சிஸ்ட்’ என்ற பேய்க்கதையை எழுதி உலகத்தைப் பயமுறுத்தியவர் என்பதை இடையில் சொல்லி வைக்கிறேன்.

இவ்வாறு இரவல் வீட்டில் குடிவைக்கப்பட்ட க்ளூசோ, 1964இலேயே, அதாவது முதல் படம் அமெரிக்காவில் வெளியான அதே ஆண்டில், தனிக் கதாநாயகனாகிவிட்டார். இன்று நாம் க்ளூசோவின் உலகம் என்று நினைப்பதில் பெரும்பகுதி இந்தப் படத்தில்தான் வந்து சேர்ந்தது. இவர் செய்யும் குளறுபடிகளைக் கண்டு சிறிது சிறிதாகச் சித்தம் கலங்கும் மேலதிகாரி டிரைஃபஸாக ஹெர்பர்ட் லோம் வந்தார். எந்த நேரத்திலும் எதிர்பாராமல் தாக்கித் தம்மை விழிப்போடு வைத்திருக்க வேண்டும் என்று எஜமானரே கட்டளையிட்டிருப்பதால், படுக்கையறையிலும் குளியலறையிலும் பாய்ந்து வரும் வேலையாள் கேட்டோவாக பர்ட் குவோக் வந்தார். வைரத்தையும் சிறுத்தையையும் எதிர்பார்க்காமல் பார்த்தால், இந்த வரிசையிலேயே சிறந்தது இந்த இரண்டாவது படம்தான் என்று நான் சொல்வேன். முதல் படத்தில் நிவனின் காதல் காட்சிகள் ஓடும் நேரமெல்லாம் நாம் க்ளூசோ எப்போது வருவார் என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பெயர்க் குழப்பம் தீர்ந்தபாடில்லை. 1975இல் வந்த படத்தில் வைரம் மறுபடியும் திருடு போனது, எனவே தலைப்பில் அந்தப் பெயர் வந்தது நியாயம். அடுத்த ஆண்டுப் படத்தில் வைரத்துக்கு வேலையே இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதற்குள் அது வைரத்தைக் குறிப்பதை விட்டு இன்ஸ்பெக்டரைக் குறிப்பதாக மக்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

கேள்வி: துப்பறிவாளரை வைத்தே ஒரு கேலிச்சித்திரத் தொடர் வந்ததாக ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா? சிறுத்தை ஏன் பேசுவதே இல்லை?
— கல்லூரி மாணவர், கூடலூர் (தேனி)

பதில்: உண்மை. இரண்டாவது படத்தின் பெயர்ப்பட்டியலில் சிறுத்தைக்குப் பதிலாக க்ளூசோவைப் போன்ற ஒரு இன்ஸ்பெக்டர் உருவம்தான் ஓடியாடியது. அதிலிருந்து, சிறுத்தையைச் செய்த அதே ஃபிரெலெங் – டிபாட்டி நிறுவனம் ‘தி இன்ஸ்பெக்டர்’ என்ற தனித்தொடரை உண்டாக்கியது. 1965 முதல் 1969 வரை 34 குறும்படங்கள் வந்தன. அதில் நாயகன் வெறும் ‘இன்ஸ்பெக்டர்’தான், க்ளூசோ என்ற பெயர் சொல்லப்படுவதில்லை. அவருக்கு உதவியாக, ஸ்பானிய மொழி கலந்து பேசும் சார்ஜென்ட் டு-டு என்றொருவர். மேலே எப்போதும் சீறிக்கொண்டிருக்கும் ஓர் ஆணையர். இன்ஸ்பெக்டருக்கும் சார்ஜென்டுக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, பாட் ஹாரிங்டன்.

ஆகவே துப்பறிவாளரிலிருந்து கிளைத்த கேலிச்சித்திரம் எது என்று கேட்டால், கறாரான பதில் இந்தத் தொடர்தான். சிறுத்தை கிளைத்தது வைரத்திலிருந்து. ஆனாலும் தொடரின் இன்ஸ்பெக்டர் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. க்ளூசோவின் முட்டாள்தனத்தைக் குறைத்து, ஓரளவு விவரம் தெரிந்தவராக அவரை ஆக்கி, துன்பத்தை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள். கேலிச்சித்திரத்தில் யார் விழுந்தாலும் வலிக்காது என்பதால், மனிதர் ஒருவர் விழுந்து எழுந்து மீசையைத் தடவிக்கொள்ளும் சுவை அங்கே கிடைப்பதில்லை. 1969இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிறுத்தையின் நிகழ்ச்சி தொடங்கியபோது இந்த இன்ஸ்பெக்டர் படங்களும் அதனுள்ளே சேர்த்துக் காட்டப்பட்டன. படத்தில் பின்பாட்டுப் பாட வந்த சிறுத்தை, தொலைக்காட்சியில் இன்ஸ்பெக்டரைத் தனக்குப் பின்பாட்டுப் பாட வைத்துவிட்டது.

சிறுத்தை பேசுவதே இல்லை என்பது முழுக்கச் சரியன்று. 1965இல் வந்த இரண்டு குறும்படங்களில் அது பேசியது. ரிச் லிட்டில் குரல் கொடுத்தார். 1993இல் வந்த ஒரு தொலைக்காட்சித் தொடரிலும் அதற்குக் குரல் கொடுத்துப் பார்த்தார்கள். பார்த்தால் ஏதோ தவறான ஆள் உள்ளே புகுந்துவிட்டதுபோல் இருக்கும். பேசாமல் இருப்பதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது: பெயர்ப்பட்டியலில் பாட்டு மட்டும்தான் ஒலிக்கும், எனவே வந்த நாள் முதல் அது அசைவால் மட்டுமே பேசியது. மொழி தேவைப்படாததால்தான் அது எந்த எல்லையிலும் சோதனைச் சாவடியில் நிற்காமல் தாண்டிச் செல்கிறது. உங்கள் கூடலூரிலும் குமுளியிலும் குழந்தைகள் ஒரே இடத்தில் சிரிப்பார்கள்.

கேள்வி: எங்கள் இசைக்குழுவில் சாக்ஸபோன் வாசிக்கிறேன். திருமண வரவேற்புகளில் ‘அந்தச் சிறுத்தைப் பாட்டு’ கேட்காதவர்கள் இல்லை. அதைப் பற்றிச் சொல்லுங்கள்.
— களியக்காவிளை

பதில்: உங்கள் வாத்தியத்துக்கே எழுதப்பட்ட பாட்டு அது. இசையமைத்தவர் ஹென்றி மான்சினி. டெனர் சாக்ஸபோன் வாசித்தவர் பிளாஸ் ஜான்சன். நம் பக்கத்தில் கத்ரி கோபால்நாத்தின் கச்சேரிகளால் பழகிய ஆல்டோ சாக்ஸபோனைவிட டெனர் சற்றுப் பெரியது, குரல் கீழே இறங்கியது. ஒருவர் காதருகே வந்து ரகசியம் சொல்வதுபோன்ற அந்த மூச்சு அதில்தான் வரும். மெட்டு பிறந்தபோது மான்சினி மனத்தில் வைத்திருந்தது சிறுத்தையை அன்று; அடிமேல் அடி வைத்து இருட்டில் நடக்கும் நிவனின் திருடனை. பெயர்ப்பட்டியலை வரைபவர்களுக்கு அவர் முதலில் தாளத்தின் வேகத்தைக் கொடுத்துவிட, அதற்கேற்ப அவர்கள் சிறுத்தையின் அசைவை வரைந்தார்கள். வரைந்து வந்ததற்கேற்ப இவர் இசையை நிறைவு செய்தார். நடை இசைக்கு இவ்வளவு பொருந்தியிருப்பதன் காரணம் இதுதான். திருடனுக்காகப் போட்ட மெட்டையும் சிறுத்தையே எடுத்துக்கொண்டுவிட்டதைப் பார்க்கும்போது, அந்தப் படத்தில் உண்மையான திருடன் யார் என்ற சந்தேகம் எழுகிறது.

கேள்வி: செல்லர்ஸ் இறந்த பிறகும் க்ளூசோ படங்கள் வந்தனவே, எப்படி?
— சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: அவர் இருக்கும்போதே ஒருமுறை வேறொருவர் நடித்தார், 1968இல் எட்வர்ட்ஸும் செல்லர்ஸும் இல்லாமல், ஆலன் ஆர்க்கினை வைத்து ஒரு க்ளூசோ படம் எடுக்கப்பட்டது, எடுபடவில்லை. செல்லர்ஸ் 1980 ஜூலையில், 54 வயதில் காலமானார். 1982இல் வந்த படம், முந்தைய படங்களில் பயன்படுத்தாமல் வெட்டி வைத்திருந்த அவருடைய காட்சிகளைக் கோத்து ஒட்டியது. அதை எதிர்த்து அவருடைய மனைவி வழக்குத் தொடுத்து வென்றார். பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வெட்டியவர்கள் காரணத்தோடுதான் வெட்டியிருந்தார்கள். பிறகு 2006இலும் 2009இலும் ஸ்டீவ் மார்ட்டின் அந்த மீசையை வைத்துக்கொண்டார்.

கேள்வி: மலையாளப் படங்களில் சிஐடிகளாக வரும் தாசனும் விஜயனும் க்ளூசோவைப் பார்த்துப் போட்ட வேடங்களா?
— மேற்படி வாசகரே, அதே அஞ்சலட்டையில்

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. மோகன்லாலும் ஸ்ரீனிவாசனும் 1987இல் முதன்முதலாக அந்த வேடங்களில் வந்தபோது அவர்கள் துப்பறிவாளர்களே அல்லர். துபாய்க்குப் போவதாக நம்பிப் படகேறிச் சென்னைக் கடற்கரையில் இறக்கிவிடப்பட்ட, வேலையற்ற இரண்டு மலையாளிகள். கடத்தல்காரன்தான் பயத்தில் அவர்களை சிஐடி என்று எண்ணிக்கொள்கிறான். படம் ஓடிய ஓட்டத்தில், அடுத்த படத்திலிருந்து அவர்கள் உண்மையான சிஐடிகளாகவே ஆக்கப்பட்டார்கள். மூன்றாவது படத்தில் காணாமற்போன ஒரு கிரீடத்தைத் தேடி அமெரிக்காவுக்கே அனுப்பப்பட்டார்கள். க்ளூசோவுக்கும் இவர்களுக்கும் உறவு உண்டென்றால் அது வேடத்தில் இல்லை, பதவி உயர்வு வந்த விதத்தில் இருக்கிறது: முன்னவருக்கு எழுத்தாளர் போட்ட கணக்குத் தவறியதால் வந்தது, பின்னவர்களுக்குக் கடத்தல்காரன் போட்ட கணக்குத் தவறியதால் வந்தது. க்ளூசோ தம்மை ஒருபோதும் சந்தேகிப்பதில்லை; விஜயனோ முழுப் படத்திலும் தாசன் தன்னைவிட ஒரு படி மேலே என்பதை நினைத்துப் புழுங்கிக்கொண்டே இருப்பார். பி.காம். முதல் வகுப்பில் தேறியவரோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் கஷ்டம் க்ளூசோவுக்கு இல்லை.